கல் இட்டிலி கற்பித்த பாடம்



விடுதியில் சேர்ந்த ஒரு மாதத்திற்குள், ஆசிரியர் துணையின்றி, நாம் எல்லோரும் தேர்ச்சி பெற்றுவிடும் கலை ஒன்று உண்டு. அது குறை கூறும் கலை. காலையில் வெந்நீர் வருவதில்லை. குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. நூலகத்தில் தேடும் புத்தகம் தேடும் நாளில் கிடைப்பதில்லை. சாம்பாரில் பருப்பு இருக்கிறதா என்பது ஆராய்ச்சிக்குரிய பொருளாகிவிட்டது. தென்னாட்டை விட்டு நெடுந்தொலைவு வந்து வாழும் நம்மவர் இருவர் சந்தித்தால், "எந்த ஊர்?" என்ற கேள்விக்கு அடுத்தபடியாகப் பேச்சு இந்தக் குறைகளில்தான் போய் நிற்கும்.

இதைத் தவறென்று நான் சொல்லமாட்டேன். ஊரை விட்டு வந்தவர்களுக்குக் கூடியிருந்து முறையிடுவதில் ஓர் ஆறுதல் உண்டு. குறையைச் சொல்லாமல் விழுங்கிக்கொண்டிருப்பதும் நல்லதன்று. ஆனால் ஒன்று கேட்கிறேன். நாம் நாள்தோறும் சொல்லும் குறைகளில் எத்தனை தீர்ந்திருக்கின்றன? தீராதவை ஏன் தீரவில்லை? குறை கூறுவதற்கும் குறை களைவதற்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு? அதைக் கடக்க வழி உண்டா? இவற்றை என் சொந்த அனுபவம் ஒன்றைக் கொண்டு ஆராய விரும்புகிறேன். அந்த அனுபவம் எனக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் மற்றவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

ஒரு விண்ணப்பத்தின் கதை

சென்ற குளிர்காலத்தில் நடந்தது இது. கங்கைச் சமவெளியில் மார்கழியும் தையும் எப்படியிருக்கும் என்று இங்கே வாழும் உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. எங்கள் விடுதி மெஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்டிலி உண்டு. தென்னாட்டு மாணவர்கள் முயன்று பெற்ற சலுகை அது. இப்போது வடநாட்டு நண்பர்களும் அதற்காகக் காத்திருக்கிறார்கள். ஏறத்தாழ 120 பேர் சாப்பிடுகிறோம்.

கோடையில் குறையொன்றுமில்லை. டிசம்பர் பிறந்ததும் இட்டிலி இறுகத் தொடங்கியது. ஒவ்வொரு வாரமும் சற்றுக் கனமாகி, சற்றுத் தட்டையாகி, மூன்றாம் வாரத்தில் கல்லாகவே ஆகிவிட்டது. கட்டடப் பொறியியல் துறைக்கு அனுப்பலாம் என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தோம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்திருந்த முதலாண்டு மாணவன் ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. அன்று அவன் தன் தாயாருடன் தொலைபேசியில் பேசியதை நான் கேட்க நேர்ந்தது. "இட்டிலி நல்லா இருந்துச்சும்மா" என்றான். வயிற்றில் பசியை வைத்துக்கொண்டு அவன் சொன்ன அந்தப் பொய் எனக்குக் கோபத்தை மூட்டியது.

அன்று மாலையே விண்ணப்பம் ஒன்று தயாராயிற்று. எழுதியவன் நான். சமையற்காரர் கவனக் குறைவானவர், தென்னாட்டு உணவு செய்ய அறியாதவர், அவரை மாற்றி வேறொருவரை அமர்த்த வேண்டும் என்பது அதன் சாரம். அந்த வாரத்திற்குள் 63 பேர் கையெழுத்திட்டனர். அவர் ஒப்பந்த முறையில் வேலை பார்ப்பவர். 63 கையெழுத்துகள் கொண்ட ஒரு தாள் அவருடைய பிழைப்பை முடித்துவிடப் போதுமானது. எழுதும்போது இதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை விடுதிக் காப்பாளரிடம் கொடுப்பதாக ஏற்பாடு. மெஸ் செயலாளராக இருந்த மாணவர் நிதானமானவர். "கொடுப்பதற்கு முன் அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடு. முதுகுக்குப் பின்னால் செய்தோம் என்று இருக்க வேண்டாம்" என்றார். ஆகவே சனிக்கிழமை இரவு பத்து மணிக்குச் சமையற்கட்டுக்குச் சென்றேன்.

மகராஜின் கேள்வி

இந்தப் பக்கத்து வழக்கப்படி சமையற்காரரை நாங்கள் 'மகராஜ்' என்று அழைக்கிறோம். வயதில் என் தந்தையை ஒத்தவர். அப்போதுதான் மாவை ஆட்டி முடித்து, பெரிய பாத்திரங்களில் எடுத்துச் சிமெண்டுத் தரையில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பேட்டா, இதே கைதான், இதே கிரைண்டர்தான், அதே கடையில் வாங்கின அரிசியும் உளுந்தும்தான். என் கை சரியில்லை என்றால், ஜூலை மாதத்தில் அது எப்படிச் சரியாக இருந்தது?"

நான் பௌதிகத்தில் முதுகலை படிக்கிறவன். எல்லாவற்றையும் மாறாமல் வைத்து ஒன்றை மட்டும் மாற்றினால், விளைவில் காணும் மாறுதலுக்கு அந்த ஒன்றே காரணம் என்பதைப் பல ஆண்டுகளாகப் பரிசோதனைக் கூடத்தில் செய்து வருகிறவன். அந்த நியாயத்தைப் பள்ளிப்படிப்பு முடிக்காத ஒருவர் எனக்கு எடுத்துச் சொன்னார். ஜூலைக்கும் டிசம்பருக்கும் இடையே மாறியது அவர் கையன்று, குளிர். இவ்வளவு எளிய உண்மை 63 பேருக்கும் தோன்றவில்லை. விண்ணப்பத்தைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு அறைக்குத் திரும்பினேன். அன்றிரவு தூக்கம் சரியாக வரவில்லை.

மாவு ஏன் பொங்குகிறது?

மறுநாள் உயிரியல் துறையில் படிக்கும் தோழி ஒருவரிடம் கேட்டேன். அவர் விளக்கியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

இட்டிலி மாவைப் பொங்க வைப்பது நாமல்ல, நுண்ணுயிர்கள். அவை வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. பெரும்பாலும் உளுந்தோடும் அரிசியோடுமே வந்துவிடுகின்றன. அவற்றுள் முக்கியமானது லூக்கோநாஸ்டாக் மெசென்டராய்டிஸ் என்னும் பாக்டீரியா. மாவிலுள்ள சர்க்கரைப் பொருள்களை அது உண்டு லாக்டிக் அமிலத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. அமிலத்தால் மாவு புளிக்கிறது, வாயுவால் பொங்குகிறது. அந்த வாயு வெளியேறிவிடாமல் பிடித்து வைப்பது உளுந்தின் வேலை. உளுந்திலுள்ள புரதமும் பசைத்தன்மையுள்ள பொருளும் மாவுக்குள் சிறு சிறு குமிழிகளாக வாயுவைத் தாங்கி நிற்கின்றன. ஆவியில் வேகும்போது அக்குமிழிகள் விரிகின்றன. இட்டிலியின் மென்மை அங்கேதான் இருக்கிறது.

இந்த நுண்ணுயிர்களுக்கு 30 டிகிரி செல்ஷியஸ் அளவிலான வெப்பம் ஏற்றது. குளிர் மிகுந்தால் அவை சாவதில்லை. ஆனால் வேலையை மிகவும் மெதுவாகச் செய்யும். எங்கள் ஊர் தென்காசிப் பக்கம். இரவு ஆட்டி வைத்த மாவு காலையில் பொங்கி வழிந்துவிடும் என்று என் தாயார் பாத்திரத்தின் அடியில் ஒரு தட்டு வைப்பது வழக்கம். அங்கே காற்றே அடுப்பின் வேலையைப் பாதி செய்கிறது. இங்கே?

அளந்து பார்த்தோம். பரிசோதனைக் கூடத்து வெப்பமானியைச் சமையலறைக்குக் கொண்டுபோவது தவறு. அது என்னென்ன இரசாயனத்தில் தோய்ந்ததோ யாருக்குத் தெரியும்? ஆகவே கடையில் சமையலறை வெப்பமானி ஒன்று வாங்கினோம். விலை 300 ரூபாய்க்குள். இரவு பத்து மணிக்குச் சமையற்கட்டின் வெப்பநிலை 11 டிகிரி. காலை ஆறு மணிக்கு 9 டிகிரி. குழாய்த் தண்ணீர் 14 டிகிரி. அந்த நீரில் ஊறி, அந்த நீரில் ஆட்டிய மாவு, கிரைண்டரின் உராய்வினால் சற்றே சூடேறியும் 17 டிகிரிதான். அதைக் குளிர்ந்த சிமெண்டுத் தரையில் வைத்துவிட்டுக் காலையில் பொங்கவில்லையே என்று வருந்தினால் யார் என்ன செய்ய முடியும்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்தது. நாங்களோ ஆடியவரைக் குறை கூறினோம்.

நான்கு ஜாடிகள்

காரணம் தெரிந்தது. இனிப் பரிகாரம் தேட வேண்டும். இரண்டு யோசனைகள் எழுந்தன. ஒன்று, வெதுவெதுப்பான நீரில் ஆட்டுவது. மற்றொன்று, மாவை இதமான பெட்டிக்குள் வைப்பது. எங்கள் துறைக்குக் கருவி ஒன்று வந்திருந்த மரப்பெட்டி, உள்ளே தெர்மாகோல் அட்டைகளுடன், வராந்தாவில் கிடந்தது. கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். அதனுள் பழைய ரஜாய் ஒன்றையும் விரித்தோம்.

இரண்டில் எது பயன் தரும்? ஒரே மாதிரியான நான்கு கண்ணாடி ஜாடிகளில் ஒரே அளவு மாவை ஊற்றி, மாவின் மட்டத்தைக் காகிதப் பட்டை ஒட்டிக் குறித்தோம்.

முதல் ஜாடி: குளிர்ந்த நீரில் ஆட்டியது, பழைய இடத்திலேயே தரையில் வைத்தது.

இரண்டாம் ஜாடி: வெந்நீர் கலந்து ஆட்டியது; தரையில் வைத்தது.

மூன்றாம் ஜாடி: குளிர்ந்த நீரில் ஆட்டியது, பெட்டிக்குள் வைத்தது.

நான்காம் ஜாடி: வெந்நீர் கலந்து ஆட்டியது, பெட்டிக்குள் வைத்தது.

பன்னிரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தோம். முதல் ஜாடியில் மாற்றமே இல்லை எனலாம். இரண்டாவதில் அரை விரற்கடை உயர்ந்திருந்தது. மூன்றாவது ஜாடி எங்களுக்கு வியப்பைத் தந்தது. அதுவும் முதல் ஜாடியைப் போலவே படுத்துக்கிடந்தது! சற்று யோசித்ததும் எனக்கே வெட்கமாயிற்று. கம்பளி வெப்பத்தைத் தருவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தைப் போகவிடாமல் காக்கிறது, அவ்வளவே. குளிர்ந்த மாவைப் பெட்டிக்குள் வைத்தால் அதன் குளிர்ச்சிதான் காக்கப்படும். நான்காவது ஜாடியிலோ மாவு ஏறக்குறைய ஒரு மடங்கு உயர்ந்து, மேலே குமிழிகள் பூத்திருந்தன.

இதில் ஒரு பெரிய பாடம் அடங்கியிருக்கிறது. பெட்டியை மட்டும் முயன்றிருந்தால், "பெட்டி பயனற்றது" என்று தூக்கி எறிந்திருப்போம். வெந்நீரை மட்டும் முயன்றிருந்தால், "கொஞ்சம்தான் பலன்" என்று சலித்திருப்போம். இரண்டும் கூடியபோதுதான் முழுப் பலன் கிடைத்தது. நம் வாழ்வில் "அதெல்லாம் செய்து பார்த்தாயிற்று, பயனில்லை" என்று கைவிடப்பட்ட யோசனைகளில் எத்தனை இப்படிப் பாதியில் நின்றவையோ!

மகராஜ் சொன்ன திருத்தம்

அடுத்த சனிக்கிழமை முழு அளவில் செய்தோம். 10 கிலோ அரிசி, 2½ கிலோ உளுந்து. ஊறும் நேரத்தின் கடைசி ஒரு மணியில் வெதுவெதுப்பான நீர் மாற்றினோம். ஆட்டும்போது விட்ட நீரும் 40 டிகிரிக்கு மேற்படாமல் பார்த்துக்கொண்டோம். கொதிநீரை விட்டால் நுண்ணுயிர்களே மடிந்துவிடும் அல்லவா? ஆட்டி எடுத்த மாவு 31 டிகிரி இருந்தது.

அப்போது மகராஜ் ஒன்று சொன்னார். பெட்டியை நேரே தரையில் வைக்காதீர்கள், இந்தத் தரை இரவெல்லாம் சூட்டை உறிஞ்சும் என்று கூறி, இரண்டு பலகைகளைக் கொண்டுவந்து போட்டு, அவற்றின் மேல் பெட்டியை ஏற்றி வைத்தார். வெப்பம் கடத்தப்படும் மூன்று வழிகளைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். அந்தத் தரையில் பல குளிர்காலங்கள் வெறுங்காலுடன் நின்றவர் அவர். தரையை நினைத்தவர் அவரே.

காலையில் மாவு 25 டிகிரி இருந்தது. பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. இட்டிலி எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். ஊர் இட்டிலிக்கு ஒரு மாற்றுக் குறைவுதான். ஆனால் இட்டிலியாக இருந்தது. திருநெல்வேலித் தம்பி ஏழு சாப்பிட்டான்.

எல்லாம் அத்துடன் சுபமாக முடிந்ததாகக் கருத வேண்டாம். இரண்டு வாரம் கழித்து மீண்டும் கல் வந்தது. விசாரித்ததில், இரவு யாரோ பெட்டியின் மூடியைச் சரியாக மூடவில்லை. அதன் பிறகு சுவரில் ஒரு தாள் ஒட்டினோம். தேதி, ஆட்டிய மாவின் வெப்பநிலை, காலை வெப்பநிலை, மாவு உயர்ந்ததா இல்லையா என்று நான்கே கட்டங்கள். அதை நிரப்புகிறவர் மகராஜின் உதவியாளர். தெர்மாகோல் எளிதில் தீப்பிடிக்கும். ஆகவே பெட்டியை அடுப்பின் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்பதையும் அதே தாளின் தலைப்பில் எழுதிவைத்தோம்.

விண்ணப்பம் என்னவாயிற்று? கையெழுத்திட்டவர்களிடம் விஷயத்தைச் சொல்லி, அவர்கள் சம்மதத்துடன் அதைக் கிழித்துவிட்டேன். மகராஜிடம் மன்னிப்பும் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "அடுத்த வாரம் தோசையும் போடலாமா?" என்று கேட்டார்.

ஆளைத் தேடுவதும் காரணத்தைத் தேடுவதும்

இப்போது இதன் உட்பொருளைப் பார்ப்போம். குறை ஒன்று நேர்ந்ததும் நம் மனம் முதலில் யாரைப் பிடிப்பது என்று தேடுகிறது. அதற்கு அறிவு வேண்டியதில்லை, கோபம் போதும். காரணத்தைத் தேடுவதற்குப் பொறுமையும் அளவுகோலும் வேண்டும்.

ரயிலில் அடிக்கடி ஊருக்குப் போய்வரும் நமக்குப் பொருத்தமான பழைய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1909-ஆம் ஆண்டில் ஒகில் சந்திர சென் என்ற வங்காளிப் பயணி சாஹிப்கஞ்ச் ரயில்வே அலுவலகத்திற்கு ஒரு கடிதம் எழுதினார். அகமதுபூர் நிலையத்தில் வண்டி நின்றபோது அவர் வயிற்று உபாதைக்காக இறங்கிப் போயிருக்கிறார். அதற்குள் கார்டு ஊதலை ஊதிவிட்டார். ஒரு கையில் செம்பும் மறு கையில் வேட்டியுமாக ஓடிவந்தவர் நடைமேடையில் விழுந்து, பலர் முன்னிலையில் மானம் போக நின்றார். கொச்சையான ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அந்தக் கடிதம் பிற்காலத்தில் டில்லி ரயில் அருங்காட்சியகத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டுப் புகழடைந்தது. ரயிலின் கீழ்வகுப்புப் பெட்டிகளில் கழிவறை அமைவதற்கு அது தூண்டுகோலாயிற்று என்று சொல்வார்கள்.

அக்கடிதத்தில் அவர் கேட்டது என்ன தெரியுமா? கழிவறையன்று, கார்டுக்குப் பெரிய அபராதம்! கார்டுக்கு அபராதம் விதித்திருந்தால் சென் அவர்களின் மனம் ஆறியிருக்கும். அடுத்த வண்டியில் அடுத்த பயணி அதே செம்புடன் ஓடியிருப்பார். பெட்டியில் ஓர் அறை அமைந்ததால் பிறகு வந்த கோடிக்கணக்கானவர்களுக்குத் துன்பம் நீங்கியது. ஆளைத் தண்டிப்பதற்கும் அமைப்பைத் திருத்துவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். என் விண்ணப்பத்தையும் அக்கடிதத்தையும் மனத்தில் அருகருகே வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே இனம்!

கிரைண்டர் சொல்லும் செய்தி

நம் மகராஜ் மாவு ஆட்டும் கிரைண்டருக்கும் ஒரு வரலாறு உண்டு. ஆட்டுக்கல்லில் மணிக்கணக்காகக் குழவியைச் சுற்றிய பெண்களின் கைவலி எத்தனை தலைமுறை முறையீடு! கோவையில் 1955-ஆம் ஆண்டில் சபாபதி என்பவர் மின்சார மோட்டாரால் இயங்கும் மாவு ஆட்டும் கருவியை உருவாக்கினார். கைவலி தீர்ந்தது, ஆனால் வேறொரு குறை முளைத்தது. கனமான கல்லிலிருந்து மாவை வழித்தெடுப்பது கடினம். அதற்கு விடையாகச் சாய்க்கும் கிரைண்டர் வந்தது. அது இடத்தை அடைத்தது. சிறு வீடுகளுக்காக மேசைமேல் வைக்கும் கிரைண்டர் வந்தது. இன்று கோவை கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஒரு திருத்தத்தைப் பற்றி எழும் புகார் அடுத்த திருத்தத்தின் வித்து என்பதற்கு இது நல்ல உதாரணம்.

வேலை செய்கிறவரே குறையையும் பரிகாரத்தையும் முதலில் காண்பவர் என்பதை ஜப்பானியர் ஒரு முறையாகவே ஆக்கினர். டொயோட்டா மோட்டார் நிறுவனம் 1951-ஆம் ஆண்டில் தொழிலாளர் தரும் யோசனைகளைப் பெற்று ஆராயும் திட்டத்தைத் தொடங்கியது. சிறு சிறு திருத்தங்களை இடைவிடாமல் செய்துகொண்டே போகும் பழக்கத்தை அவர்கள் 'கைஸென்' என்று அழைக்கிறார்கள். மகராஜ் கொண்டுவந்த இரண்டு பலகைகள் சுத்தமான கைஸென்!

ஐந்து கேள்விகள்

இவற்றிலிருந்து நாம் கைக்கொள்ளக்கூடிய முறை என்ன? குறை ஒன்று தோன்றினால் கீழ்க்கண்ட ஐந்து கேள்விகளை வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். திருக்குறளில் மருந்து அதிகாரத்தைப் படித்தவர்களுக்கு இவ்வரிசை புதிதாகத் தோன்றாது.

1. குறை எங்கே, எப்போது, எவ்வளவு? "எப்போதும்", "ஒருபோதும்" என்ற சொற்களை நீக்கிவிட்டு இடத்தையும் நேரத்தையும் அளவையும் எழுதுங்கள்.

2. குறை இல்லாத வேளை எது? ஜூலையில் இட்டிலி நன்றாக இருந்தது என்பதே எங்களுக்குக் கிடைத்த திறவுகோல். குறை இருக்கும் நாளையும் இல்லாத நாளையும் ஒப்பிட்டால் காரணம் பெரும்பாலும் தானே வெளிப்படும்.

3. அந்த வேலையைச் செய்கிறவர் என்ன சொல்கிறார்? அவரைப் பற்றி மற்றவரிடம் பேசுவதற்கு முன் அவரிடம் பேசுங்கள்.

4. இந்த வாரமே செய்து பார்க்கக்கூடிய மிகச் சிறிய மாற்றம் எது? தவறினாலும் நஷ்டம் அதிகமில்லாததாக அது இருக்க வேண்டும். நாங்கள் நான்கு ஜாடி மாவைத்தான் பணயம் வைத்தோம். 120 பேரின் காலை உணவையன்று.

5. பலன் கிடைத்ததா என்பதை எப்படி அறிவது? கிடைத்த பலன் நிலைக்க யார் என்ன செய்ய வேண்டும்?

இன்னொரு சிறு உதாரணம் தருகிறேன். எங்கள் விடுதிப் புகார்ப் புத்தகத்தில், "குழாய் சரியில்லை. உடனே கவனிக்கவும்" என்று பல மாதங்களாக ஒரே வாக்கியம் வெவ்வேறு கையெழுத்துகளில் இருந்தது. குழாய் பழுது பார்ப்பவர் வந்து, எந்தக் குழாய் என்று தெரியாமல் திரும்பியிருக்கிறார். இட்டிலி அனுபவத்திற்குப் பிறகு நண்பர் ஒருவர் ஒரு லிட்டர் பாட்டிலையும் கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு போனார். ஒழுகும் நீர் பாட்டிலை 4 நிமிடத்தில் நிரப்பியது. அப்படியானால் ஒரு மணிக்கு 15 லிட்டர். ஒரு நாளைக்கு 360 லிட்டர். அவர் எழுதியது இது: "இரண்டாம் மாடி, கிழக்குக் குளியலறை, இடமிருந்து மூன்றாம் குழாய். மூடிய பிறகும் நாளொன்றுக்கு 360 லிட்டர் வீணாகிறது. வாஷர் தேய்ந்திருக்கலாம். காலை 11 மணிக்கு மேல் வந்தால் குளியலறை காலியாக இருக்கும்." மூன்றாம் நாள் வாஷர் மாற்றப்பட்டது. கோபம் மிகுந்த பத்து வாக்கியங்கள் செய்யாததை அளவு தெரிந்த ஒரு குறிப்பு செய்தது. படித்தவருக்கு என்ன செய்வது என்பது அதில் இருந்தது.

சிறு மாற்றம் போதாத இடங்கள்

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். எல்லாக் குறைகளையும் நாமே பலகை போட்டுச் சரிசெய்துவிட முடியாது, சரிசெய்துகொள்ளவும் கூடாது. உதவித்தொகை மாதக்கணக்கில் வராவிட்டால், சிக்கனமாக வாழ்வது எப்படி என்று யோசிப்பது பரிகாரமாகாது. குடிநீர் கெட்டிருந்தால் அதைத் திருத்துவது நிர்வாகத்தின் கடமை. ராகிங், சாதி குறித்த இழிசொல், பெண்களிடம் தகாத நடத்தை ஆகியவை குற்றங்கள். பொறுத்துக்கொண்டு சமாளிக்க வேண்டிய அசௌகரியங்கள் அல்ல. ராகிங்கைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2009-ஆம் ஆண்டில் விதிகளே வகுத்திருக்கிறது. அத்தகைய இடங்களில் தவறு செய்த ஆளைச் சுட்டத்தான் வேண்டும்.

ஆனால் அங்கும் நம் முறை பயன்படும். தேதியும் அளவும் கொண்ட குறிப்பு முறையீட்டுக்கு வலிமை தரும். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மத்திய அரசின் கீழுள்ள நிறுவனங்களிடம் 10 ரூபாய்க் கட்டணத்துடன் விவரம் கேட்கலாம். பொதுவாக 30 நாட்களுக்குள் பதில் தரவேண்டும். என்ன கேட்பது என்று தெளிவாக அறிந்தவருக்கே அச்சட்டம் முழுப் பயன் தரும். ஆகவே எழுதத் தொடங்குமுன், இது நாம் திருத்தக்கூடியதா, பிறரைத் திருத்தச் சொல்ல வேண்டியதா என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

செய்து பார்க்க

படித்து முடித்ததோடு நில்லாமல், இந்த வாரத்தில் மூன்று காரியங்கள் செய்து பாருங்கள்.

முதலாவதாக, ஒரு நாள் முழுவதும் நீங்கள் வாயால் சொல்லும் குறைகளைச் சிறு ஏட்டில் குறித்து வையுங்கள். எண்ணிக்கை உங்களுக்கே ஆச்சரியம் தரும்.

இரண்டாவதாக, அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஆளின் பெயரே வராமல் அதைத் திருப்பி எழுதுங்கள். "மெஸ்காரர் தாமதம் செய்கிறார்" என்பதை, "எட்டு மணிக்கு வரிசையில் நின்றால் தட்டு கைக்கு வர இத்தனை நிமிடம் ஆகிறது" என்று மாற்றிப் பாருங்கள். அளந்து எழுதுங்கள்.

மூன்றாவதாக, அந்த வேலையைச் செய்கிறவரிடம் போய்ப் பேசுங்கள். இந்தி சரியாக வராவிட்டால் பாதகமில்லை. எனக்கும் அன்று சரியாக வரவில்லை.

நம் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இவற்றைப் பற்றிப் பேசலாம் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். உங்கள் ஏட்டைக் கொண்டுவாருங்கள். குளிர்காலம் மீண்டும் வரும். மகராஜ் பெட்டியை வெயிலில் உலர்த்தி, ரஜாயைத் துவைத்து மடித்து, பலகைகளுடன் பரண்மேல் எடுத்து வைத்திருக்கிறார்.